கொழுக்கட்டை ஏன் குதிக்கவில்லை

பூபாலனின் யானை காட்டுப் பள்ளத்தின் விளிம்பு வரை தடதடவென்று ஓடி வந்தது. அங்கே நின்றது. துதிக்கையை நீட்டிப் பள்ளத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு, வேண்டுமானால் நீ குதித்துக்கொள் என்பது போல ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"இன்னைக்கும் கொழுக்கட்டை வேகலையா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள் ஜெசிந்தா.

கொழுக்கட்டை என்பது அந்த யானையின் பெயர். கோப்பில் அதற்கு 'யானை கடைசி உண்மையிலேயே கடைசி' என்றுதான் பெயர். உருண்டு திரண்டு, வெள்ளை வெளேரென்று, தோல் நிறம் போடாமல் திரையில் நின்ற முதல் நாளிலேயே ஜெசிந்தா அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஸ்டுடியோ சாலிகிராமத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. படங்களுக்கு வேண்டிய வெள்ளம், புயல், இடிகிற கோட்டை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பார்கள். மெத்தென்று இருக்கிற எதுவாக இருந்தாலும் அது பூபாலன் தலையில் விழும். சேறு அவனுடையது, பிசைந்த மாவு அவனுடையது, ஓடும்போது ஆடுகிற தொடைச் சதை அவனுடையது. ஜெசிந்தாவுக்கு வெளிச்சமும் நிறமும். டூப்புகளின் மேல் ஹீரோக்களின் முகத்தை ஒட்டுவதும் அவள்தான்.

பூபாலன் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மற்ற இடங்களில் செய்கிற மிருகங்கள் கீழே விழுந்த பிறகுதான் ஆடும். அடி விழப்போகிறது என்பது அந்த உடம்புக்குத் தெரியாது. உயிருள்ள உடம்பு அப்படியா? படியில் கால் தவறினால் விழுவதற்கு முன்பே நமக்கு வயிறு இறுகிவிடுகிறதே. அதைத்தான் பூபாலன் பிடித்தான். யானையின் உடம்பைக் கோடிக்கணக்கான துகள்களாகச் செய்து, ஒவ்வொரு துகளும் தான் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு நசுங்குகிறது என்று அக்கம்பக்கத்துத் துகள்களுக்குச் சொல்லும்படி வைத்தான். சேதி உடம்பு முழுக்கப் பரவும். உடம்பு அந்த இழுபறியைக் குறைக்க வழி தேடும். ஒரு டேக்கில் கற்றதை மறக்காமல் அடுத்த டேக்குக்கும் கொண்டு போகும், இல்லாவிட்டால் தினமும் காலையில் அதற்கு நிற்கவே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

விளைவைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அசல் யானை. இயக்குநர் வைரவன் பூபாலனைக் கட்டிப்பிடித்து, "தம்பி, நீ பிரம்மா" என்றார்.

முதல் சில டேக்குகளில் கொழுக்கட்டை சொன்னபடி பள்ளத்தில் குதித்தது. குதித்த ஒவ்வொரு முறையும் அதன் முன்னங்கால்கள் முறிந்தன. யானையின் எடைக்கு அது குதிக்கப் பிறந்த ஜென்மம் இல்லை. பூபாலன் காலைச் சரிசெய்து மறுபடி ஓடவிடுவான், மறுபடி முறியும். அப்புறம் ஒரு நாள் அது விளிம்பில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நிற்கிறது.

கைப்பேசியில் இயக்குநரின் குரல் வந்தது. "பூபாலா, வெள்ளிக்கிழமை ட்ரெய்லர். ஹீரோ என்ட்ரி. அண்ணன் யானை மேல வர்றாரு, பள்ளத்துல பாயிறாரு, வில்லன் ஜீப்புங்க நடுவுல இறங்குறாரு, அப்படியே ஃப்ரீஸ். அங்க போயி யானை நின்னு யோசிச்சுதுன்னா ஜனம் பாப்கார்ன் வாங்கப் போயிரும்பா."

"சார், அது குதிக்க மாட்டேங்குது."

"நீதானே பண்ணின? நீ சொன்னாக் கேக்காதா?"

பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் இதற்குப் பதில் சொல்வார்கள். பூபாலனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அவன் என்ன சொல்வான். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. இந்த ஷாட் போகாவிட்டால் படம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். இந்தப் படத்தை நம்பித்தான் மாடியில் இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள்.

முதலில் வலியை அணைத்துப் பார்த்தான். வலி என்று அவன் சொல்வதில்லை, 'இழுவிசை உணர்வு' என்பான். ஜெசிந்தாதான் வலி என்பாள். அதை அணைத்ததும் கொழுக்கட்டை ஜம்மென்று குதித்தது. பொத்தென்று விழுந்து, தளதளவென்று ஆடி, எழுந்து நின்றது.

"இது யானையா, காத்தடிச்ச மெத்தையா?" என்றார் வைரவன். "உசுரு இல்லய்யா. பழையபடி போடு. பயம் இருக்கணும், ஆனா குதிக்கணும். பின்னால எதையாச்சும் வையேன். நிக்கிறதவிடக் குதிக்கிறதே தேவலன்னு அதுக்குத் தோணணும்."

பூபாலன் வைத்தான். யானையின் பின்னங்கால்களுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு விசை. நின்றால் தொடைத் துகள்களை நெருக்கிப் பிடித்து நசுக்கும், முன்னே போனால் விட்டுவிடும். அதற்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லி கம்ப்யூட்டர் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'காற்று' என்று போட்டான்.

கொழுக்கட்டை ஓடி வந்தது. விளிம்பில் நின்றது. உடம்பை ஒரு முறை உலுக்கிக்கொண்டது. பிறகு பள்ளத்தில் பாய்ந்தது. அந்தரத்தில் அதன் காதுகள் விரிந்ததையும் தோள் இறுகியதையும் பார்த்து ஸ்டுடியோவே கை தட்டியது. இறங்கும்போது கால் மடங்கியது, ஆனால் அதற்குள் ஷாட் முடிந்துவிடும். இயக்குநர் அழுதுகொண்டே ஒரு குரல் செய்தி அனுப்பினார். பூபாலனுக்கு மட்டும் மதியம் எலுமிச்சை சாதம் இறங்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, எதற்கென்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் காலை டாக்டர் மெஹருன்னிசா குடையோடு படியேறி வந்தார். கால்நடை மருத்துவர். படம் தொடங்குமுன் திரையில் ஒரு அட்டை போடுவார்களே, எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று, அதற்குக் கையெழுத்துப் போடுகிற வாரியத்திலிருந்து வந்திருந்தார். அசல் மாட்டை வைத்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் மாடு என்று புளுகுகிற ஆட்கள் பெருத்துவிட்டதால், கம்ப்யூட்டர் மிருகம் என்று யார் சொன்னாலும் நேரில் போய்ப் பார்ப்பது என்று வாரியம் முடிவு செய்திருந்த காலம் அது.

காபி வேண்டாம் என்றார். வெந்நீர் கேட்டார். குடித்துவிட்டு, "இது எப்படி ஆடுதுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க தம்பி" என்றார்.

"ரவா கேசரி மாதிரி டாக்டர். ரவை ஒவ்வொண்ணும் தனித்தனி. ஆனா தட்டை ஆட்டினா மொத்தமும் சேர்ந்து ஆடுதில்ல? ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு. அழுத்தினா அமுங்கும், விட்டா எழும்பும். யானையும் அதே கேசரிதான், ரவை மட்டும் கோடிக்கணக்குல."

"ரவைக்கு ரவை பேசிக்குமாமே?"

அதை யார் சொன்னது என்று பூபாலன் திரும்பிப் பார்த்தான். ஜெசிந்தா மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டாக்டர். எங்க நசுங்குதுன்னு சொல்லும். உடம்பு அதுக்கேத்த மாதிரி நடந்துக்கும்."

"சரி, போடுங்க பார்ப்போம்."

போட்டான். கொழுக்கட்டை பாய்ந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அழகா இருக்கு. இப்ப ஃப்ரேமுக்கு வெளியே காட்டுங்க."

"வெளியே ஒண்ணுமில்ல டாக்டர்."

"எல்லா ஷூட்டிங்லயும் இதைத்தான் சொல்வாங்க. கேமராவுக்குள்ள குதிரை சந்தோஷமாத்தான் ஓடும். ஓரமா ஒருத்தன் சாட்டையோட நிப்பான். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது ஃப்ரேமுக்கு வெளியேதான். திருப்புங்க."

பூபாலன் சுட்டியைப் பிடித்தான். கேமராவை யானைக்குப் பின்னால் கொண்டுபோனான். படத்தில் தெரியாத விசைகள் எல்லாம் அங்கே நீலக் கோடுகளாகத் தெரியும். பின்னங்கால்களைக் கவ்வியபடி ஒரு நீலப் பின்னல் இருந்தது.

"இது என்ன?"

"காத்து டாக்டர்."

"எந்தக் காத்து தம்பி பின்னந்தொடையை மட்டும் பார்த்துக் கடிக்கும்?"

டாக்டர் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

சேதி போய், மதியத்துக்குள் இயக்குநர் வைரவனே நேரில் வந்துவிட்டார். வடபழனிப் போக்குவரத்தில் வெந்து வந்திருந்தார்.

"மேடம், இது யானையே இல்ல. வெறும் நம்பர். கரண்டை நிறுத்தினா யானையும் இல்ல, காடும் இல்ல."

"நானும் அப்படி நினைச்சுத்தான் சார் படியேறி வந்தேன். வந்து பார்த்தா பின்னால அங்குசம் வச்சிருக்கீங்க. நம்பரைக் குத்த யாராவது அங்குசம் செய்வாங்களா?"

வைரவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இதை வெளியே சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உங்க அட்டையில ரெண்டு வரி இருக்கு. யானை கம்ப்யூட்டர்ல செஞ்சது, இதுக்குக் கையெழுத்துப் போடறேன். எந்த விலங்கும் துன்புறுத்தப்படல, இதுக்குப் போட மாட்டேன். தனித்தனியா போட்டு நீங்க ரிலீஸ் பண்ண முடியுமான்னு பாருங்க."

"பூபாலா, நீ சொல்லுப்பா. வலிக்குதா அதுக்கு?"

எல்லோரும் பூபாலனைப் பார்த்தார்கள். "தெரியல சார்" என்றான். "ஆனா வலிக்காத மாதிரி நான் செய்யல. வலிக்கிற மாதிரி செய்யத்தான் நீங்க என்னைப் பிரம்மான்னீங்க."

சொன்ன பிறகு அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சுட்டியை எடுத்தான், காற்றைப் பிடித்து அழித்தான். "சார், ஒரே ஒரு தடவை அது இஷ்டத்துக்கு விட்டுப் பார்ப்போம்."

"விட்டா நிக்கும்."

"நிக்கட்டும் சார். இதுவரைக்கும் அது நின்ன உடனே நாம நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து ஓடவிட்டோம். நின்னதுக்கு அப்புறம் என்ன செய்யும்னு பார்த்ததே இல்லையே."

கொழுக்கட்டை ஓடி வந்தது. நின்றது. பள்ளத்தை முகர்ந்தது. திரும்பிக்கொண்டது. வைரவன் மணி பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. யானை மெல்ல விளிம்போடு நடந்தது, மண் சரிவாக இறங்குகிற ஓர் இடத்தில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது, காலை எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு, முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைச் சேற்றில் சாவகாசமாக வைத்து உட்கார்ந்து, சர்ரென்று சறுக்கிக்கொண்டே பள்ளத்துக்குள் போய்விட்டது. கீழே ஜீப்புகளுக்கு நடுவில் எழுந்து நின்று சேற்றை உதறியது. சேறும் பூபாலனுடையதுதான், அருமையாகத் தெறித்தது.

டாக்டர் மெஹருன்னிசா வாய்விட்டுச் சிரித்தார். "மலையில காட்டு யானைங்க இப்படித்தான் இறங்கும். இதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல டாக்டர்."

"யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் ஜெசிந்தா.

வைரவன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அண்ணன் என்ட்ரி. சறுக்கு மரத்துல வர்ற மாதிரி வர்றாரே." இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவருக்கே உதடு துடித்தது. நான்காவது தடவை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஷாட்டைக் கைப்பேசியில் ஹீரோவுக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதில் வந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், வைத்துக்கொள்ளலாம், ஆனால் சேறு தன் முகத்தில் தெறிக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அப்பாடா என்று மாடியே மூச்சு விட்டது. டாக்டர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டு வரிகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டார். வைரவன் இனிப்பு வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டு, போன் பேச வெளியே போனார். பூபாலன் கொழுக்கட்டையின் நெற்றியைத் திரையில் சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். மூன்று மாதமாக அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார், ஆனால் கிளம்பவில்லை. திரையில் யானை திரும்பத் திரும்பச் சறுக்கிக்கொண்டிருந்தது.

"மேல உட்கார்ந்திருக்கிறது யாரு?" என்றார்.

"ஹீரோ, டாக்டர். அதாவது டூப்பு. முகத்தை ஜெசிந்தா அப்புறம் ஒட்டுவாங்க."

யானையின் கழுத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. முகம் வழவழவென்று இருந்தது, கண்ணில்லை, வாயில்லை. தமிழ்ப் படத்தில் ஹீரோவைப் பார்க்காமல் வேறொன்றைப் பார்ப்பது நடக்கிற காரியமா? இந்த மாடியில் நடந்தது. முகமில்லாத ஆளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"அதுவும் அதே கேசரியா?"

"ஆமா டாக்டர். ஹீரோ சாருக்கு வயிறு கொஞ்சம்... ஓடும்போது சரியா ஆடணும்னு, காட்சியில இருக்கிற எல்லாத்துக்கும் சேர்த்தே போட்டுட்டேன். ஒரே பட்டன்தான்."

"யானையோட காதைக் கொஞ்சம் விலக்குங்களேன்."

பூபாலன் இடது காதை மறைத்தான். டூப்பின் கால் தெரிந்தது. கையை எப்படி வைக்க வேண்டும், முதுகை எப்படி நிமிர்த்த வேண்டும் என்றெல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற காலைக் கேமரா பார்க்காது என்று காலுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் போக்கில் விட்டிருந்தார்கள்.

"விளிம்புல நிக்கிற இடத்துக்கு வாங்க."

வந்தான். டூப்பின் குதிகால் யானையின் காதுக்குப் பின்னால் அழுந்தியிருந்தது. அங்கே சதை ஒரு விரல் ஆழத்துக்குக் குழிந்திருந்தது.

"பாகன் இப்படித்தான் யானையை நிறுத்துவான்" என்றார் டாக்டர். "யானைக்கு வலி இருந்தது தம்பி, அதுல சந்தேகமில்ல. ஆனா அதுவா நிக்கல. இவன் நிறுத்தியிருக்கான்."

ஜெசிந்தா எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பூபாலன் பழைய டேக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். முதல் டேக்கில் கால் சும்மா தொங்கியது. யானை விழுந்தபோது டூப்பும் தலைகுப்புற விழுந்து அதன் அடியில் போய்விட்டது. யானையின் காலைப் பார்க்கிற அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்ததிலும் அடியில் போனது. அதற்கு அடுத்ததில், விழுவதற்கு முன்பே, கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, ஆனால் முகமில்லாத தலை தோளுக்குள் புதைந்துகொண்டது. பிறகு கால் மெல்ல மெல்லக் காதுக்குப் பின்னால் போனது. எங்கே அழுத்தினால் நிற்கிறது என்று ஒவ்வொரு டேக்காகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

காற்று வைத்த டேக்கை பூபாலன் திறந்தான். யானை பள்ளத்தில் பாய்கிறவரை குதிகால் அழுந்தியே இருந்தது. எல்லோரும் கை தட்டிய இடம் அது.

"ஜெசி, நான் ஒரு தடவைகூட மேல பார்க்கல" என்றான்.

"நானும் பார்க்கலடா. முகம் ஒட்டுறப்ப பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"டாக்டர், இதுக்கு... இவனுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

டாக்டர் மெஹருன்னிசா யோசித்தார். கேள்வியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எங்க வாரியம் விலங்குங்களுக்கு மட்டும்தான் தம்பி. மனுஷனுக்கு யாருன்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் நின்றார், பூபாலனின் கலங்கிச் சிவந்த கண்ணைப் பார்த்தார். "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வைரவன் ஜாங்கிரியோடு வந்தார். ஒன்றைப் பூபாலன் கையில் திணித்தார். "சாப்பிடுப்பா. இனிமே கவலையே இல்ல. அடுத்த ஷாட்ல யானை கெடையாது, ஒரு கோழிகூடக் கெடையாது, எந்த மேடமும் குடையோட வரமாட்டாங்க. தண்ணித் தொட்டி மேலேருந்து அண்ணன் குதிக்கிறாரு, லாரி மேல விழுறாரு, அங்கேருந்து ரோட்டுக்கு உருள்றாரு. இதே டூப்பு. உசுரா இருக்கணும், யானை மாதிரியே. இன்னைக்கே ஆரம்பிச்சிரு."

பூபாலன் ஜாங்கிரியை மேஜை மேல் வைத்தான். திரையில் சாம்பல் நிற உருவம் பள்ளத்தின் அடியில், சேற்றில், கொழுக்கட்டையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. குதிகால் இரண்டும் இப்போது தளர்ந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"சார், அவன் குதிக்க மாட்டான் சார்."

"யாரு? கொழுக்கட்டையா?"

"இல்ல சார். ஹீரோ."

வைரவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூபாலனின் முதுகில் தட்டினார். "ஹீரோ என்னைக்குய்யா குதிச்சாரு? அதுக்குத்தானே டூப்பு வச்சிருக்கோம்."

பூபாலன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, அவருக்கும் திரைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.